அபினி விளையும் தேசத்தில் வலி தீராதோர்

மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர், நீமச் ஜில்லாக்களிலும், ராஜஸ்தானத்துச் சித்தோர்கட்டிலும், உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியிலும், ஆண்டுதோறும் மாசி பங்குனி மாதங்களில் லைசென்ஸ் பெற்ற குடியானவர்கள் கசகசாச் செடியின் பச்சைக் காய்களைக் கீறி, அவற்றினின்று வடியும் பாலைச் சுரண்டியெடுத்துச் சர்க்காரிடம் எடைபோட்டு ஒப்புவிக்கிறார்கள். இந்தப் பால்தான் அபினி. இதே காய் முதிர்ந்தால் அதனுள்ளிருந்து நமது வீட்டுச் சமையலறைக்கு வரும் கசகசா கிடைக்கிறது. காஜீபூரில் 1820-ம் வருஷத்தில் ஏற்பட்ட சர்க்கார் தொழிற்சாலையிலும், நீமச்சிலுள்ள தொழிற்சாலையிலும் இந்த அபினி பக்குவம் செய்யப்படுகிறது. மருந்து செய்வதற்கென்று அபினிப் பிசினைச் சட்டப்படி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தேசம் உலகத்தில் நம்முடையது ஒன்றே.

இவ்வளவு அபினி விளையும் தேசத்தில், அபினியின் சத்தாகிய மார்பீன் என்னும் வலி மருந்து நோயாளிகளுக்கு எவ்வளவு கிடைக்கிறது? 2017-ம் வருஷத்தில் ‘லான்செட்’ என்னும் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகை நியமித்த கமிஷன் இதைக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. கடும் வேதனையில் கிடக்கும் நோயாளி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு அமெரிக்காவில் கிடைப்பது சுமார் 55,000 மில்லிகிராம். இந்தியாவில் கிடைப்பது 43 மில்லிகிராம். அதாவது நமக்குத் தேவையானதில் 100க்கு 4 பங்கு. அமெரிக்காவின் கணக்கு வேண்டியதற்கு மேற்பட்டது என்பதும், அந்த அமிதத்தினால் அத்தேசத்தார் பட்ட பாடும் நமக்குத் தெரியாதவையல்ல. அவற்றைப் பின்னர்ச் சொல்வோம். ஆனால் நமது 43 மில்லிகிராம் என்பது ஒரு நோயாளிக்கு இரண்டொரு நாளைக்கே போதாது என்பதை முதலில் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை மாத்திரம் சொன்னால் விஷயம் விளங்காது. நமக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பெரியவர் தாடையில் புற்றுநோய் கண்டு, சிகிச்சைக்குரிய காலம் கடந்து வீட்டுக்குத் திரும்பினார். அவருடைய மகன் கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. ஊரிலிருந்த மருந்துக் கடைகளில் ஒன்றிலும் அம்மாத்திரை இல்லை. ஒரு கடைக்காரர் அப்பெயரைக் கேட்டதும், “தம்பி, இதெல்லாம் போலீஸ் சமாசாரம், இங்கே கேட்காதீர்கள்” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஜில்லாவிலிருந்து மாத்திரை வந்து சேர 11 நாளாயிற்று. அந்தப் 11 நாளும் பெரியவர் படுக்கவில்லை; சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே இருந்தார். மாத்திரை வந்த மறுநாள் ஒரு தம்ளர் கஞ்சி குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினார். அந்த மருந்தின் விலையோ மிகச் சொற்பம்.

இத்தகைய நிலைமை ஏற்பட்டதற்குக் காரணம் என்னவென்று ஆராய்வோம். அபினி என்றால் நமது தேசத்தில் ஒரு பழைய வெறுப்பு உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் கங்கைக் கரையில் அபினியைப் பயிரிடச் செய்து, சீன தேசத்தாருக்கு விற்று, அவ்வியாபாரத்தைக் காக்க யுத்தமும் செய்தார்கள். அஸ்ஸாமில் காங்கிரஸ்காரர்கள் அபினி விசாரணைக் கமிட்டி ஒன்றை அமைத்து, அம்மாகாணத்து ஜனங்கள் அபினியால் சீரழிவதை 1925-ல் அம்பலப்படுத்தினார்கள். சுதந்திரம் பெற்ற பிறகு வகுத்துக்கொண்ட அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, மதுவையும் லாகிரி வஸ்துக்களையும் விலக்க முயல்வது சர்க்காரின் கடமை என்கிறது. ஆனால் அதே பிரிவில் ‘மருந்துக்காக அன்றி’ என்ற பொருள்பட ஒரு விலக்கும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் மறக்காத அந்த விலக்கைப் பின்வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

1985-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய போதை மருந்துகள் சட்டம், 1857, 1878, 1930 ஆகிய வருஷங்களின் பழைய சட்டங்களை நீக்கி, அவற்றின் இடத்தில் வந்தது. குற்றவாளிக்குப் பத்து வருஷக் கடுங்காவல் குறைந்தபட்ச தண்டனை என்று அது பல குற்றங்களுக்கு விதித்தது. கடத்தல்காரனுக்கு அத்தண்டனை தகும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் கணக்கில் பத்து மாத்திரை குறைந்த ஆஸ்பத்திரி மருந்தாளரும் அதே சட்டத்தின் நிழலில் நிற்க வேண்டியதாயிற்று. அதோடு, மார்பீன் வாங்கி வைத்துக்கொள்ள விரும்பும் ஆஸ்பத்திரி, வைத்திருக்க ஒரு லைசென்ஸ், கொண்டுவர ஒரு லைசென்ஸ், ராஜ்யத்தின் எல்லை தாண்டுவதற்கு வேறு லைசென்ஸ் என்று நான்கைந்து அனுமதிகளைப் பல இலாகாக்களிடம் பெற வேண்டியிருந்தது. இவை எல்லாம் ஏககாலத்தில் அமலில் இருந்தால்தான் மருந்து வரும்; கடைசி லைசென்ஸ் வருவதற்குள் முதல் லைசென்ஸின் கெடு முடிந்துவிடும். பல ஆஸ்பத்திரிகள் ‘இந்தத் தொல்லையே வேண்டாம்’ என்று மார்பீனை அடியோடு நிறுத்திவிட்டன. அச்சட்டம் வந்த பின்னர்ப் பன்னிரண்டு வருஷத்திற்குள் தேசத்தில் மார்பீன் உபயோகம் 100க்கு 90 பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. ஒரு தலைமுறை வைத்தியர்கள் மார்பீன் சீட்டு ஒன்றுகூட எழுதாமலே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றார்கள். அவர்களிடம் கற்றவர்கள்தாம் இன்று நமது ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள்.

இந்த இருட்டில் விளக்கேற்றியவர்கள் மலையாள நாட்டார். 1993-ல் கோழிக்கோடு மெடிகல் காலேஜில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்துகொண்டு மார்பீன் மாத்திரை சாப்பிடலாம் என்று அவர்கள் ஏற்பாடு செய்தபோது, ‘மருந்து கள்ளச் சந்தைக்குப் போய்விடும்’ என்று பயமுறுத்தியவர்கள் பலர். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாதம் செய்யவில்லை, கணக்கு வைத்தார்கள். இரண்டு வருஷ காலத்தில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டிலேயே உபயோகிக்க மார்பீன் கொடுத்ததில், துர்விநியோகமோ கடத்தலோ ஒன்றுகூட நேரவில்லை என்பதை 2001-ல் ‘லான்செட்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள். கேரள சர்க்கார் 2008-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இம்முயற்சிகளின் பயனாக 2014-ல் பார்லிமெண்டு பழைய சட்டத்தைத் திருத்தியது. மார்பீன், பென்டனில், மெதடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்ற ஆறு மருந்துகளுக்கும் இனி ஒரே அனுமதி போதும். அதையும் ராஜ்யத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே கொடுக்கலாம் என்று 2015-ல் விதிகள் வந்தன. பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் இருந்து, கணக்கைச் சரிவர வைத்து, ஆண்டுத் தேவையை மதிப்பிட்டுத் தெரிவிக்கும் எந்த ஆஸ்பத்திரியும் அங்கீகாரம் கேட்கலாம்.

சட்டம் திருந்திவிட்டது, பயம் திருந்தவில்லை. இதுவே இன்றைய நிலைமை.

இது இப்படியிருக்க, ‘அமெரிக்காவைப் பாருங்கள், வலி மருந்தினால் அங்கே பிணக்குவியல்’ என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல. 1980-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்து போதை வகை மருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானவர்கள் நால்வரே என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக்குள் நர்ஸின் கையால் சில நாள் மருந்து பெற்றவர்களைப் பற்றிய இக்கடிதத்தை, வீட்டில் வருஷக்கணக்காகச் சாப்பிடுவோருக்கும் பொருந்துவதுபோல 600க்கு மேற்பட்ட கட்டுரைகளில் பிற்காலத்தார் எடுத்தாண்டார்கள். 1996-ல் பர்டியூ பார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்து, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கூசாமல் எழுதலாம் என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. அம்மருந்தின் அபாயத்தை மறைத்து விற்றதாக 2007-ல் அக்கம்பெனியார் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டினார்கள். 2020-ல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். லாபத்தோடு ஒப்பிட்டால் முதல் அபராதம் அவர்களுக்கு வியாபாரச் செலவில் ஒன்றாகத்தான் பட்டிருக்கும் போலும்! 2022-ல் மட்டும் அந்நாட்டில் அபினி இனத்து மருந்துகள் மிகைப்பட்டு மாண்டவர்கள் 80,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது டாக்டர் சீட்டெழுதிய மாத்திரையன்று. கள்ளத்தனமாகச் செய்து விற்கும் பென்டனில். ஆனால் அந்தப் பாதையின் வாசலைத் திறந்தது பேராசைகொண்ட வியாபாரமே என்பதை மறுக்க முடியாது.

பின்னர் அமெரிக்கர் மற்றொரு கோடிக்குப் போனார்கள். 2016-ல் நோய்த் தடுப்பு இலாகா எச்சரிக்கையான யோசனைகளை வெளியிட்டது. அதைச் சட்டம்போலக் கொண்டு பல டாக்டர்கள், வருஷக்கணக்காக மருந்து சாப்பிட்டு வந்தவர்களுக்கு ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அதனால் தாங்கொணாத வேதனைக்கு ஆளானவர்களும், தற்கொலைக்குத் துணிந்தவர்களும் உண்டு என்று 2019-ல் அந்நாட்டு மருந்து அதிகாரிகளே எச்சரிக்க நேர்ந்தது. 2022-ல் யோசனைகளையும் திருத்தினார்கள். பேராசையினால் அளவின்றிக் கொடுப்பது ஒரு தவறு, பீதியினால் திடீரென்று பிடுங்குவது மற்றொரு தவறு. நாமோ மூன்றாவது தவறு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்: கொடுக்கத் தொடங்கவே இல்லை.

நிற்க. இம்மருந்தை எவருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற விஷயத்திற்கு வருவோம். நம்முடைய நேயர்கள் பலர் வீட்டில் இக்கேள்வி என்றேனும் எழாமல் இராது.

முதலாவதாக, எல்லா வலியும் ஒன்றல்ல. புற்றுநோயின் வலிக்கும், மரணம் நெருங்கிய நோய்களின் வேதனைக்கும் மார்பீனுக்கு இணையான மருந்து கிடைப்பது அரிது. 1986-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறை இன்றைக்கும் அடிப்படையில் மாறவில்லை: ஊசியாக அன்றி வாய்வழியாக, வலி வந்த பின் அல்ல, மணிப்படி, சாதாரண வலி மருந்தில் தொடங்கிப் படிப்படியாக. சாதாரண மார்பீன் மாத்திரையின் குணம் சுமார் நான்கு மணி நேரமே நிற்கும். ஆகையால் நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதை, ‘வலி தாங்க முடிகிற வரையில் தாங்கட்டும்’ என்று வீட்டார் இரண்டு வேளையாகக் குறைப்பது நோயாளியைக் காப்பதாகாது. குணம் இறங்கி இறங்கி வலி ஏறி ஏறி அவரை வாட்டுவதேயாகும்.

ஆனால் வருஷக்கணக்காக நீடிக்கும் முதுகு வலி, முழங்கால் தேய்வு, மூட்டு வலி ஆகியவற்றில் கதை வேறு. அமெரிக்காவில் 240 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அபினி இனத்து மருந்தும் மற்றதற்குச் சாதாரண வலி மருந்துகளும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று: நடமாட்டத்தில் இரு பிரிவாருக்கும் வித்தியாசமில்லை, வலியின் கடுமையோ அபினி மருந்து பெற்றவர்களுக்கே சற்று அதிகம், பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். ஆகவே இத்தகைய வலிகளுக்கு உடற்பயிற்சி, பிசியோதெரபி, எடை குறைத்தல், வேறு மருந்துகள் என்பனவே முதல் வழி. நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. இவையெல்லாம் பயன்படாதபோது, நன்மை தீமைகளை நோயாளியிடம் விளங்கச் சொல்லி, குறைந்த அளவில் சில காலம் கொடுத்துப் பார்த்து, நடக்கவும் தூங்கவும் வேலை செய்யவும் முடிகிறதா என்று கவனித்து, பயனில்லையெனில் மெல்லக் குறைத்து விடுவதே முறை. ‘வலி எத்தனை மார்க்கு?’ என்று கேட்டு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவது வைத்தியமாகாது.

இரண்டாவதாக, அடிமைத்தனம் என்ற பூதத்தைப் பற்றி. சில வாரங்கள் இம்மருந்தைச் சாப்பிட்டவருடைய சரீரம் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் உடல் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு உண்டாகும். காலையில் காப்பி கிடைக்காவிட்டால் தலைவலிக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது சரீரத்தின் பழக்கம். தீமை விளைவது தெரிந்தும் மருந்தையே நாடி மனம் ஓடுவதும், அதற்காகப் பொய் சொல்வதும், குடும்பத்தை மறப்பதும் வேறு, அதுவே அடிமைத்தனம். முன்னதற்குப் பரிகாரம் மெல்ல மெல்லக் குறைப்பது. பின்னது வலிக்காக ஒழுங்காக மருந்து பெறுவோரில் சிலருக்கு நேரத்தான் செய்கிறது. முன்பே குடிப் பழக்கமோ போதைப் பழக்கமோ உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம். அத்தகையோருக்கும் வலி உண்டாகையால், மறுப்பது நியாயமன்று. குறைந்த நாளுக்குரிய மருந்தை மட்டும் கொடுத்து அடிக்கடி பார்ப்பதே நியாயம்.

மூன்றாவதாக, உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறதென்று வீட்டார் அறிந்திருக்க வேண்டும். இம்மருந்து அளவு மிஞ்சினால் மூச்சை மந்தப்படுத்தும். மூச்சுக் குறைவதற்கு முன் தூக்கம் மிகும். நோயாளியைத் தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் அது சுகமான தூக்கமன்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நாலோக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. மதுவும் தூக்க மாத்திரையும் இம்மருந்தோடு சேர்ந்தால் இந்த அபாயம் பன்மடங்காகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மார்பீன் உடலில் தங்கிப்போகும். அவர்களுக்கும் வயோதிகர்களுக்கும் அளவும் மருந்தும் வேறு. மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் நாள் முழுவதற்குரிய மருந்து ஒரே சமயத்தில் இறங்கிவிடும். தோலில் ஒட்டும் பென்டனில் பட்டையை வெட்டக் கூடாது. அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கவும் கூடாது. அடுத்த வீட்டுக்காரருடைய இடுப்பு வலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்துதவும் தாராள மனத்தை இவ்விஷயத்தில் மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய அலமாரியில் வைத்து, எண்ணிக் கொடுத்து, நோயாளி இறந்தபின் மிஞ்சியதை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு.

மலச்சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. இம்மருந்தினால் வரும் குமட்டலும் மயக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. பலர் மருந்தையே விட்டுவிடுவது அடிமைத்தனத்திற்கு அஞ்சியல்ல, இதைப் பொறுக்க மாட்டாமல்தான். முதல் நாளிலிருந்தே நிலாவாரை போன்ற பேதி மருந்தைச் சேர்த்தே எழுத வேண்டும். இதை எழுதாத டாக்டருக்கு மார்பீன் எழுதத் தெரியவில்லை என்றே சொல்வோம்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியேற்றிக்கொண்ட வாலிபர்களைப் பற்றியும், அவற்றை மூட்டை மூட்டையாகக் கடத்தியவர்களைப் பற்றியும் தமிழ்நாட்டுத் தினசரிகளில் செய்தி வராத மாதமில்லை. டிரமடால் என்ற மருந்து அளவின்றிப் புழங்கியதால் 2018-ல் அதைப் போதை மருந்துச் சட்டத்திற்குள் கொண்டுவந்தார்கள். டபென்டடாலைக் காரிசோப்ரோடால் என்னும் வேறொரு மருந்துடன் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இங்கிருந்து அனுப்பிய விஷயம் அம்பலமானதும், 2025 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அதன் உற்பத்தி, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்ய உத்தரவிட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இக்கேடுகள் புற்றுநோய் வார்டின் பூட்டிய பீரோவிலிருந்து வெளிப்பட்டவையல்ல. லாபத்திற்காக மருந்து செய்தவர்களிடமிருந்தும், சீட்டில்லாமல் விற்றவர்களிடமிருந்தும் வந்தவை. போலீஸாரின் கண் அங்கே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்போரின் வீடு தேடிச் சென்று வலி நிவாரண சேவை செய்வதும் ஓர் அம்சம். இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வீடு தேடி வரும் நர்ஸின் பையில் பஞ்சும் கட்டுத்துணியும் மட்டும் இருந்து, அவரை அனுப்பிய ஆஸ்பத்திரியில் மார்பீன் இல்லாவிட்டால், அவர் நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தாலுகா ஆஸ்பத்திரிகள் எல்லாம் 2015 விதிகளின்படி அங்கீகாரம் பெறவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டராவது, ஒரு நர்ஸாவது இம்மருந்தைக் கையாளப் பழக வேண்டும். கணக்குத் தவறுக்கும் கடத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தை மருந்து இன்ஸ்பெக்டர்களுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நம் நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கும் கை இதற்கும் ஒரு மனு எழுதட்டும். தம் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்குச் சென்று, ‘மார்பீன் மாத்திரை இன்று இருப்பில் இருக்கிறதா, எழுதிக் கொடுக்கும் டாக்டர் எந்த நாளில் வருகிறார்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கட்டும். சர்க்காரும், எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் இம்மருந்து கிடைக்கும் என்ற ஜாபிதாவை ஜில்லாவாரியாக வருஷந்தோறும் எல்லோரும் காணும்படி வெளியிட வேண்டும். அதை முழுவதும் பிரசுரிப்பதற்கு வேண்டிய இடத்தை இப்பத்திரிகையில் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.